அம்மாக்கள் கிராம சபைக்குப் போகும்முன்

கிராம சபைக் கூட்டங்களுக்குப் பெண்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று எழுந்தும் சொல்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட இல்லாத ஊர்கள் நிறைய. அலுவலகத்தைப் பொறுத்தவரை, புத்தகத்தில் ஏறாத பேச்சு பேசப்படாத பேச்சுதான். பிள்ளைகளுக்காக ஒரு தாய் கேட்பது, தீர்மான எண்ணோடு எழுத்தில் ஏறுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கோரிக்கையை வைத்துக்கொள்வோம்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை. வயதுக்கு வந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் வாக்காளர் பட்டியல்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். படிப்போ சொத்தோ பதவியோ கணக்கில் வராது. இதில் சிக்குபவர்கள் கல்யாணமாகி வந்த பெண்கள். பத்து வருடம் இந்த ஊரில் குடித்தனம் நடத்தியிருப்பார்கள், பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். கொஞ்சம் காரமான கேள்வி கேட்டதும், "உனக்கு இந்த ஊரில் ஓட்டே இல்லையேம்மா, உட்காரு" என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே பட்டியலைப் பாருங்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். பல ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

எந்த நாள், எத்தனை பேர்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்க்கப்பட்டவை. இடமும் நேரமும் ஏழு நாள் முன்பே ஊருக்கு அறிவிக்கப்பட வேண்டும். கூட்டத்தைக் கோயில் போன்ற மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக்கூடாது. ஊராட்சியில் உள்ள குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தல் உண்டு. இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எப்போதும் ஊர்ப் பக்கமே கூட்டம் போட்டால் காலனிப் பெண்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த கூட்டம் காலனி அங்கன்வாடி வாசலில் நடக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை எட்டத்தான் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும் மகளிர் குழுக்காரர்களையும் "எல்லாரும் வந்துடுங்க" என்று வலிந்து கூப்பிடுகிறார்கள். உங்கள் தலை இல்லாமல் கூட்டம் செல்லாது. அந்த பலம் உங்களிடம் இருப்பது தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் தெரிந்து போங்கள்.

முப்பது பேர் சேர்ந்து போக முடிந்தால் நல்லது. பன்னிரண்டு பேர் ஒரே கோரிக்கையோடு போனாலே கூட்டம் திரும்பிப் பார்க்கும். கைக்குழந்தை உள்ளவர்களை மறக்காதீர்கள். பகல் 11 மணிக் கூட்டம் என்றால் பால் குடிக்கும் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று முந்தைய நாளே பேசிவையுங்கள். கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், ஒரு மணிக்குப் பிள்ளை அழும், தாய் எழுந்து போவாள், அவள் கேட்க வேண்டிய கேள்வியும் அவளோடு போய்விடும். பல கோரிக்கைகள் இப்படித்தான் விட்டுப்போகின்றன.

பள்ளியில் முதல் தீர்மானம்

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால் கிராம சபைக்கு முன்பு பள்ளி மேலாண்மைக் குழுவில் தொடங்குவது நல்லது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் குழுத் தலைவராக இருப்பவரும் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்தான். அங்கே போட்ட தீர்மானத்தின் நகலில் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி மனுவோடு இணைத்துவிட்டால், "பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லவில்லையே" என்ற பதிலுக்கு வழியில்லாமல் போகும்.

மனு எழுதுவது

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனு ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. பட்டா, முதியோர் உதவித்தொகை, வீட்டுப் பிரச்சினை எதையும் இதில் கலக்காதீர்கள். ஐந்து விஷயம் எழுதிய மனுவில் எது சுலபமோ அதற்குப் பதில் சொல்லிவிட்டு மனுவையே முடித்துவிடுவார்கள்.

அனுப்புநர் இடத்தில் ஒரே ஆள் பெயர் வேண்டாம். தனி ஆள் என்றால் அன்று மாலையே அவர் கணவரிடம் யாராவது பேசிவிடுவார்கள். ஐந்து பேர் பெயரும் வாக்காளர் அட்டை எண்ணும் போடுங்கள், மற்றவர்கள் கீழே கையெழுத்திடட்டும். "வணக்கம். பொருள்: பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு - தீர்மானம் கோருதல்" என்று ஆரம்பித்து நேராக விஷயத்துக்கு வாருங்கள். எத்தனை பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், குழாய் எந்த மாதத்திலிருந்து வறண்டிருக்கிறது, பக்கத்து மேல்நிலைத் தொட்டி எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா, வால்வு அடைத்திருக்கிறதா. டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். சில இடங்களில் குழாய் நன்றாகவே இருக்கும், தண்ணீர் திறக்கும் நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கும். அதற்குப் புதுக் குழாய் கேட்டுப் பயனில்லை, திறக்கும் நேரத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதி, முத்திரை, வாங்கியவர் கையெழுத்து பெற்றுக்கொள்ளுங்கள். செயலர் வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கூட்ட நாள்

உள்ளே போனதும் கண் போக வேண்டிய இடம் வரவு செலவு எழுதிய பேனர். ஊராட்சிக் கணக்கைப் படிவம் 30-ல் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். குடிநீர், சுகாதாரம் என்ற வரிகளைப் போட்டோ எடுங்கள். "பணம் இல்லம்மா" என்ற பதில் வரும்போது அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம். 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. இப்போது வரும் மானியத்தில் எவ்வளவு அதற்கு என்று செயலரிடம் கேளுங்கள்.

நாலு பேருக்கு நாலு வேலை பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கோரிக்கையை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதை ஆமோதித்து இன்னொரு தகவல் சேர்க்க வேண்டும், அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் சலசலப்பாகத்தான் கேட்கும். மூன்றாமவர் யார் என்ன பதில் சொன்னார் என்று நோட்டில் எழுதட்டும். நாலாமவர் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "இதைத் தீர்மானமாக எழுதுங்க, எழுதினதை வாசிங்க." கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளவருக்கு இந்த நாலாவது வேலையைக் கொடுங்கள். ஒரே வாக்கியம்தான், ஆனால் கூட்டத்திலேயே கனமான வாக்கியம் அது.

முன்வரிசையில் உட்காருங்கள். தலைவரைப் பார்த்துப் பேசுங்கள். தலைவர் பெண்ணாக இருந்து, பதில் சொல்வது அவர் கணவராக இருந்தால், கணவர் பக்கம் திரும்பவே வேண்டாம். "தலைவரம்மா, நீங்க சொல்லுங்க" என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு வாய் திறக்க அதுவே முதல் வாய்ப்பாக இருக்கும். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் கிராம சபை உண்டு, கேள்வியும் அவரிடமே.

அரசு அனுப்பிய பொருள்களை வரிசையாக வாசித்து முடிக்கவே நேரம் போய்விடும், ஊர்க் கோரிக்கை கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாசலிலேயே நோட்டை நீட்டுவார்கள். பக்கத்தின் தலையில் தேதியும் "கிராம சபை வருகைப் பதிவு" என்ற தலைப்பும் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்திலும், மேலே நாலு விரற்கடை இடம் விட்ட பக்கத்திலும் போடாதீர்கள். அந்த இடத்தில் பிறகு என்ன ஏறும் என்று யாருக்கும் தெரியாது. தீர்மானத்துக்குக் கீழே போடும் கையெழுத்து, தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகுதான். கைநாட்டு வைப்பவருக்குப் பக்கத்தில் எழுத்துத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கற்றார்கள். கல் உடைத்த கைகள் பாடுபட்டுக் கற்ற கையெழுத்து அது. வெற்றுத் தாளுக்குக் கொடுத்துவிடக்கூடாது.

தீர்மானத்தின் வாசகம்

"பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி செய்து தர ஆவன செய்யப்படும்" என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆவன செய்பவர் யார், எப்போது என்பது அதில் இல்லை. யார், எதை, எந்த நிதியில், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். இப்படி எழுதச் சொல்லலாம்:

"நடுநிலைப் பள்ளிப் பெண்கள் கழிப்பறைக்கு அருகிலுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இணைப்பு கொடுக்கவும், பள்ளி நாள்களில் காலை 9 மணிக்கு முன் தண்ணீர் விடவும், செலவை ஊராட்சியின் குடிநீர் நிதியிலிருந்து மேற்கொள்ளவும், பணியை 45 நாள்களுக்குள் முடித்து அடுத்த கிராம சபையில் அறிக்கை வைக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

தீர்மான எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள்.

எல்லாமே ஊராட்சியின் கையில் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெருவிளக்கு, குடிநீர், குப்பை, ஊராட்சிச் சாலை ஆகியவை ஊராட்சியின் வேலை. அங்கன்வாடிக் கட்டடத்துக்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகம் என்று வேறு வாசல்கள் உண்டு. அவற்றுக்குத் தீர்மானம் ஒரு சிபாரிசுதான், நகலை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்கு நீங்கள்தான் போக வேண்டும். மதுக்கடையும் அப்படித்தான். 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊரகப் பகுதியில் பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ 100 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது, மாநகராட்சியிலும் நகராட்சியிலும் 50 மீட்டர். தீர்மானம் போட்டதும் கடை தானாக மூடிவிடாது. தூரத்தை அளந்து, வரைபடம் போட்டு, தீர்மான நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு

பதினைந்து நாள் கழித்துத் தீர்மான நகல் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வேறு அலுவலகத்தில் உள்ள தகவல் என்றால் ஐந்து நாளில் அங்கே அனுப்பிவைப்பது அவர் கடமை. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அது கேள்வி என்று திருப்பிவிடுவார்கள். "இந்தத் தேதி கிராம சபைத் தீர்மானங்கள் அனைத்தின் நகல், இந்த எண் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இதற்கு இணையாக, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் தீர்மான எண்ணோடு மனு கொடுங்கள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்.

அடுத்த கிராம சபையில் எழுந்ததும் முதல் கேள்வி, "போன தீர்மானம் என்ன ஆச்சு?" வேலை பாதி நடந்திருந்தால் நடந்த பாதியைச் சொல்லி நன்றியும் சொல்லுங்கள். செயலரும் டேங்க் ஆபரேட்டரும் நாளைக்கும் நீங்கள் பார்த்துப் பேச வேண்டிய ஆட்கள்தான்.

இரண்டு மூன்று கூட்டம் இப்படி நடத்தியவர்களுக்கு அடுத்த நாற்காலி தூரமில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கிராம ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, 21 வயது நிறைந்திருந்தால் போதும். 2019 தேர்தலில் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. உங்கள் வார்டு எந்த ஒதுக்கீட்டில் வருகிறது என்று அறிவிப்பு வந்ததும் பாருங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் எதுவும் ஊராட்சிக்குப் பாக்கி வைக்காமல், ரசீதுகளை இப்போதே ஒரு பையில் சேர்த்துவையுங்கள்.