சின்ன ஏடிவியில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியிலிருந்து மோட்டார் வரை சோதிக்கும் முறை

110 சிசி சின்ன ஏடிவிகள் (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டிகள்) பலவற்றில் கிக்கர் கிடையாது. செல்ஃப் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். உடனே புது பேட்டரி, அதுவும் சரிவராவிட்டால் புது ரிலே (பட்டனை அழுத்தியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் மின் சுவிட்ச்) என்று வாங்கிப் போடாதீர்கள். கரண்ட் பேட்டரியில் கிளம்பி ஸ்டார்ட்டர் மோட்டார் போய்ச் சேரும் வழியில் எங்கே தடைபடுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால், மாற்ற வேண்டிய பொருள் எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சீனத் தயாரிப்பு 110 சிசி வண்டி. ஹோண்டா சூப்பர் கப் வம்சத்து படுத்த சிலிண்டர் என்ஜின், 12 வோல்ட் பேட்டரி. வயர் நிறங்களும் பெரும்பாலும் ஹோண்டா வழக்கப்படியே இருக்கும். பச்சைதான் எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு சேரும் வயர். கறுப்பு வயரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். கார் வயரிங் பழக்கத்தில் கறுப்பை எர்த் என்று நினைத்துத் தொட்டால் பியூஸ் போய்விடும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர், 8, 10 ஸ்பேனர்கள், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், நைஸ் உப்புத்தாள் போதும். வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி கட்டை கொடுத்துத் தூக்குங்கள். இது குழந்தைகள் ஓட்டும் வண்டி என்பதால் ஓடி வந்து ஏறப் பார்ப்பார்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் விடாதீர்கள்.

1. முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

சாவியைப் போட்டு, பிரேக்கைப் பிடித்து, செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ரிலே இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, ரிலே விடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு மோட்டார் சும்மா இருந்தால் ரிலே, கேபிள், மோட்டார் மூன்றையும் பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் 4-வது படிக்குப் போகலாம், ஆனால் பேட்டரியை அளந்துவிட்டுப் போங்கள்.

2. பேட்டரி

எல்லாம் ஆஃபில் இருக்கும்போது 12.6 வோல்டுக்கு மேல் இருந்தால் ஃபுல் சார்ஜ். 12 வோல்ட் என்றால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பெயரிலேயே 12 இருப்பதால் பலர் இதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியம் லோடில் அளப்பது. மீட்டர் பேட்டரியில் இருக்கும்போதே பட்டனை அழுத்துங்கள். சுமார் 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் போட்டும் அப்படியே விழுந்தால் மாற்றுங்கள். 5 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரிக்கு அரை ஆம்பியர் சார்ஜ் போதும். கார் பேட்டரி சார்ஜரைப் போட்டால் சூடாகிக் கெட்டுப்போகும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

3. கேபிளும் எர்த்தும்

அதிகம் ஏமாற்றுகிற இடம் இதுதான். பெயின்டும் துருவும் படிந்த எர்த் போல்ட் வெளிப்பார்வைக்கு இறுக்கமாகவே இருக்கும். ஆனால் 40 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே கணக்குப்படி 4 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்ச் நம்பும்படி காட்டாது. அதனால் வோல்டேஜில் பிடிக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் முளையிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனை என்ஜின் கேசிங்கில் பளிச்சென்று இருக்கும் உலோகத்தில். பட்டனை அழுத்தினால் 0.2, 0.3 வோல்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால் எர்த் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, உலோகம் மினுங்கும்வரை தேய்த்து மாட்டுங்கள்.

அடுத்து சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை மோட்டார் டெர்மினலில். அழுத்துவதற்கு முன்பே 12 வோல்ட் காட்டும், பதற வேண்டாம். ரிலே திறந்திருப்பதால் அப்படித்தான் காட்டும். அழுத்தியிருக்கும்போது அது 0.5-க்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரிலேயின் இரண்டு தடித்த போல்டுகளுக்கு நடுவே அதேபோல அளந்து பாருங்கள். ‘டக்’ கேட்டும் அங்கேயே 1 வோல்டுக்கு மேல் நின்றால் உள்ளே கான்டாக்ட் கரிந்திருக்கிறது. ரிலேயை மாற்றுங்கள்.

4. சத்தமே இல்லாதபோது

முதலில் பேட்டரி பக்கத்து பியூஸ். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாமல் மீட்டரில் கன்டின்யூட்டி (உள்ளே அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள்.

பிறகு ரிலேக்கு வரும் மெல்லிய வயர்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட வயரில், பிரேக்கும் பட்டனும் அழுத்தியபடி 12 வோல்ட் வருகிறதா? வந்தும், பச்சை எர்த் நன்றாக இருந்தும் ரிலே அசையவில்லை என்றால் அதன் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது. நல்ல காயில் சில ஓம் காட்டும்.

வரவில்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: பட்டன், பிரேக் சுவிட்ச், சாவி. இதில் அடிக்கடி தொந்தரவு தருவது பிரேக் லிவரில் உள்ள குட்டி சுவிட்ச்தான். மண் புகுந்து சிக்கிக்கொள்ளும். அதன் இரண்டு வயரையும் ஒரு நொடி இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்படியே முறுக்கி நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். குழந்தை தெரியாமல் பட்டனை அழுத்தினால் வண்டி பாயாமல் காப்பது அந்தச் சுவிட்ச்தான். என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பார்க்கை மட்டும்தான் நிறுத்தும், செல்ஃபை அல்ல.

5. மோட்டார்

சாவியை ஆஃப் செய்து, பெட்ரோல் வாசனை இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரிலேயின் இரண்டு தடித்த போல்டுகளை ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் இணையுங்கள். பொறி பறக்கும், அது இயல்பு. மோட்டார் சுற்றினால் அது நல்லது. கோளாறு ரிலே பக்கம். பேட்டரியும் கேபிளும் நன்றாக இருந்து மோட்டார் அசையாவிட்டால் அதைக் கழற்றலாம்.

டெர்மினலின் மேல் நட்டைத் திருகும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட் சேர்ந்து சுற்றினால் உள்ளே இன்சுலேஷன் உடையும். கழற்றிய மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் அதைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளை) நைஸ் தாளால் துடைத்து, பட்டைகளுக்கு இடையே அடைத்த கரித்தூளை எடுங்கள். மாட்டும்போது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள்.

மோட்டார் ‘உய்ங்’ என்று சுற்றியும் என்ஜின் சுற்றவில்லையென்றால் ஃப்ளைவீல் பின்னால் உள்ள ஒன்-வே கிளட்ச்சின் (மோட்டார் சுற்றை ஒரே திசையில் என்ஜினுக்குக் கொடுப்பது) ரோலரோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும். ஃப்ளைவீல் புல்லர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மோட்டார் முக்கி நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். கார்புரேட்டர் ஒழுகி சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தாலும் அப்படி நிற்கும். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சலாம். பிளக் கேப்பை தூரத்தில் எர்த் பண்ணி வையுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். 12.6-லேயே நின்றால் ஸ்டேட்டர் (என்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்), ரெக்டிஃபயர் (அதை டிசியாக்கிப் பேட்டரிக்குக் கொடுப்பது) இரண்டையும் பார்க்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். நாலு நாளில் அதே ‘டக்டக்’ திரும்பக் கேட்கும்.