ராஜா காலத்து கொரிய, சீனத் தொடர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த சித்தி மகள் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து போனில் 'த ரெட் ஸ்லீவ்' என்ற கொரியத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவளுடைய கட்டைவிரல் திரையின் வலது ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டுக்குப் பத்து நொடி. நாயகனும் நாயகியும் சேர்ந்து வந்தால் விரல் நிற்கும். அவன் போனதும் மறுபடி தட்டல். "அக்கா, இவ எதுக்கு இவ்ளோ பிகு பண்றா? ராஜாவே வந்து கேக்குறான்ல?" என்றாள்.

இதே கேள்வியை, இதே தொடரைப் பார்த்து, இதே மாதிரி தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக இந்தத் தொடர்களோடு இருக்கிறேன். வரிசையாகப் பாருங்கள், நல்ல சப்டைட்டில் தேடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். 'த ரெட் ஸ்லீவ்' முடிவை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முடிவு தெரிந்துவிடும் என்று வரலாற்றைத் தொடாமல் இருப்பது

கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறது. கொரியர்கள் தங்கள் அரசர் கதைகளைப் பார்ப்பதும் அப்படித்தான். 1762-ல் அரசர் யொங்ஜோ தன் மகன் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைக்க உத்தரவிட்டார். எட்டாம் நாள் இளவரசர் உள்ளேயே இறந்தார். அவருடைய மகன் யீ சானுக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை. அந்தப் பையன்தான் 1776-ல் ஜொங்ஜோ என்ற பெயரில் அரியணை ஏறினான். 'த ரெட் ஸ்லீவ்' நாயகனும் அவன்தான்.

தொடர் தொடங்கும்போது சாதோ ஏற்கெனவே இறந்துவிட்டார். என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து விளக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அது தெரியும். தெரியாமல் பார்த்தால் தாத்தா குரல் உயரும்போதெல்லாம் பேரன் ஏன் அப்படி உறைந்துபோகிறான் என்பது புரியாது, கிழவர் ஒரு முன்கோபி என்ற அளவில் நின்றுவிடும். எந்த அரசன், எந்த வருஷம், அப்பன் யார், தாத்தா யார் என்று பத்து நிமிஷம் படித்துவிட்டு உட்காருங்கள். போதும்.

காதல் காட்சிகளுக்கு மட்டும் ஓட்டிப் பார்ப்பது

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'த ரெட் ஸ்லீவ்' 2021 நவம்பரில் எம்பிசி சேனலில் தொடங்கி 2022 ஜனவரி முதல் தேதியில் முடிந்தது. மொத்தம் 17 எபிசோடு. முடிந்த கையோடு நான் பார்த்தேன். வேலைக்குப் போய்வந்து, சமையல் முடித்து, படுக்கப் போகுமுன் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான். நாயகன் லீ ஜுன்ஹோவும் நாயகி லீ சே-யங்கும் சேர்ந்து வரும் காட்சி வேண்டும், அவ்வளவுதான். அரண்மனைப் பணிப்பெண்கள் கூடிப் பேசும் காட்சி வந்தால் தள்ளிவிடுவேன். மூத்த பணிப்பெண்கள் ரகசியக் கூட்டம் போட்டாலும் தள்ளிவிடுவேன்.

கடைசி எபிசோடு வந்தது. நாயகி தொகிம் சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் அரசர் இருக்கிறார். அவளோ தன் தோழிகளைக் கூப்பிடச் சொல்கிறாள். அடுத்த பிறவியில் என்னைப் பார்த்தால் தெரியாதவர்போல் கடந்து போய்விடுங்கள் என்று அவரிடமே வேண்டிக்கொள்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் உருகியவரிடம் இப்படியா சொல்வாள், கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன்.

மறுநாள் அலுவலகத்தில், அதே தொடரைப் பார்த்து முடித்திருந்த தோழியிடம் அதைச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அந்தத் தோழிங்க மூணு பேரோட பேர் சொல்லு பாப்போம்" என்றாள். எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதையில் நாயகி கூடவே வளர்ந்த பெண்கள் அவர்கள். "அப்ப நீ என்னத்தைப் பாத்த?" என்று கேட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, எதையும் தள்ளாமல் முதலிலிருந்து பார்த்தேன். கதை முழுக்க நான் தள்ளிவிட்ட இடங்களில் இருந்தது.

ஜோசொன், அதாவது அந்தக் காலத்துக் கொரிய அரசு. அதன் அரண்மனைப் பணிப்பெண் சிறுமியாக உள்ளே வருகிறவள். பயிற்சிக் காலம் முடிந்ததும் அவளுக்கு ஒரு சடங்கு உண்டு. மணப்பெண்போல அலங்கரிப்பார்கள், மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். அன்றிலிருந்து அவள் அரசருடைய பெண் என்று கணக்கு, அரசர் வாழ்நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமலே போனாலும். வேறு ஆணோடு உறவு வைத்தால் இருவருக்கும் மரண தண்டனை. தொடரின் கொரியப் பெயருக்கே 'சட்டைக்கையின் சிவப்பு விளிம்பு' என்றுதான் பொருள். பணிப்பெண் உடுப்பில் கைமுனையில் வரும் அந்தச் சிவப்புப் பட்டை, இவள் யாருக்கு உரியவள் என்று ஊருக்கே சொல்லும்.

அந்தக் கட்டுக்குள்ளும் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. சம்பளம் உண்டு: அரிசி, சோயா, கருவாடு. வேலையில் படிப்படியாக உயரலாம். கூடப் படுத்துறங்கும் தோழிகள் இருந்தார்கள். தொகிம் கதைப் புத்தகங்களைப் பிரதி எடுத்துக் காசு சேர்ப்பாள்; மற்ற பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை வாசிப்பாள். சின்ன விஷயமானாலும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசையே. அரசரின் துணைவியாகிவிட்டால் பட்டம் வரும், தனி மாளிகை வரும். வேலை போய்விடும், வெளியே போய்வருவது நின்றுவிடும், தோழிகள்கூட மரியாதைச் சொல் போட்டுத்தான் பேச முடியும். அவர் எப்போது வருவார் என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். அவளுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. இத்தனையையும் எடைபோட்டுத்தான் வேண்டாம் என்கிறாள்.

தோழிகளில் ஒருத்தி யொங்ஹி. சத்தமில்லாத பெண், கூட்டத்தில் பின்னால் நிற்பாள். ஓர் ஆணைக் காதலித்த குற்றத்துக்காக அவள் உயிர் போகிறது. முதல் தடவை அந்தக் காட்சியில் பின்னணி இசை கனமாக இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. யார் சாகிறாள் என்றே சரியாகப் பிடிபடவில்லை. முந்தைய எபிசோடுகளில் அவள் வந்த இடங்களை எல்லாம் தள்ளிவிட்டிருந்தேனே!

இப்போது அந்தக் கடைசிக் காட்சிக்கு வாருங்கள். என்மேல் உனக்குக் கொஞ்சமும் அன்பில்லையா என்று அரசர் கேட்கிறார். இன்னுமா தெரியவில்லை, உண்மையிலேயே விருப்பமில்லாவிட்டால் எப்படியாவது ஓடியிருப்பேன், உங்கள் பக்கத்தில் இருந்தது நான் தேர்ந்தெடுத்தது என்கிறாள். 'தேர்ந்தெடுத்தது' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதினாறு எபிசோடு நிற்கிறது. முதல் தடவை அது என் காதில் வெறும் சமாதானமாக விழுந்தது. அழ வேண்டிய இடத்தில் கோபப்பட்டேன். அந்த முதல் தடவை எனக்கு இனி வராது.

கதையாசிரியர் இட்டுக்கட்டியது என்று இதைத் தள்ளவும் முடியாது. தொகிம் உண்மையில் வாழ்ந்தவள். 1766-ல் யீ சான் இளவரசனாக இருந்தபோதே அவளைக் கேட்டான். இளவரசிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை என்று சொல்லி அழுது மறுத்தாள். பதினைந்து வருஷம் கழித்து, அரசரான பிறகு மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தாள். அவளுடைய ஏவலர்களை அவர் தண்டித்த பிறகுதான் இசைந்தாள். இதை எல்லாம் எழுதிவைத்தது வேறு யாருமில்லை, அவள் சமாதிக்கு அந்த அரசரே தன் கையால் எழுதிய கல்வெட்டு வாசகத்தில்தான் இருக்கிறது. 1782-ல் பிறந்த மகன் முன்ஹியோ 1786-ல் தட்டம்மையில் இறந்தான். அதே வருஷம் கர்ப்பமாக இருந்த அவளும் இறந்தாள்.

இன்னொன்றும் உண்டு, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1773-ல் அரண்மனைப் பெண்கள் சேர்ந்து பத்து பாகம் கொண்ட ஒரு நாவலைக் கையால் பிரதி எடுத்தார்கள். அந்தப் பிரதி இன்றும் இருக்கிறது. எழுதியவர்களில் அரசரின் இரண்டு சகோதரிகளும் தொகிமும் உண்டு. கூட எழுதிய பணிப்பெண்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன: யொங்ஹி, கியொங்ஹி, பொக்யொன்.

என் தோழி கேட்ட மூன்று பெயர்கள்.

ஆகவே, நேரமில்லை என்றால் ஒரு நாளைக்கு அரை எபிசோடு பாருங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். சமையலறை, பணிப்பெண்கள் அறை, அமைச்சர்கள் வாக்குவாதம், எதையும் தள்ளாதீர்கள். நாயகி எதற்காக மறுக்கிறாள் என்பதை அந்த இடங்களில்தான் சொல்லியிருப்பார்கள்.

சிறுவயதுப் பகுதியோடு நிறுத்திவிடுவது

'மூன் எம்பிரேசிங் த சன்' முதல் ஆறு எபிசோடு பிள்ளைகள் கதைதான். பொறுங்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்வது

வேண்டாம். பட்டத்தைக் கவனியுங்கள்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் இருப்பது

ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பினால் பாதி காதல் தெரியாமலே போய்விடும். தமிழ்க்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொரிய மொழியிலும் மரியாதை வினையின் வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் பேச்சின் முடிவு திடீரென்று மாறினால் உறவும் மாறிவிட்டது என்று அர்த்தம். மொழி தெரியாவிட்டாலும் வாக்கியத்தின் கடைசி ஓசையைக் கவனித்தால் சில நாளில் காது பழகிவிடும்.

பணிப்பெண்ணாக இருக்கும்வரை தொகிம் தன்னை 'சோயின்' என்பாள், நம் 'அடியேன்' மாதிரி. துணைவியான பிறகு அது 'சின்சொப்' ஆகிவிடும், அரசர் முன் அவருடைய மனைவி தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல். சப்டைட்டிலில் இரண்டும் ஒரே 'நான்'.

சீனத்தில் பேரரசர் தன்னை 'ஜென்' என்பார். அந்தச் சொல் அவர் ஒருவருக்கு மட்டும்தான். அவர் வாயில் எல்லோரும் சொல்கிற சாதாரண 'வோ' வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 'எம்பிரசஸ் இன் த பேலஸ்' தொடரில் நாயகி ஜென் ஹுவான் காதலித்த நாட்களில் பேரரசரை 'ஸு-லாங்' என்று கூப்பிடுவாள், நான்காம் பிள்ளை என்ற பொருளில். கடைசியில், எல்லாம் பாழான பிறகு, சாகக் கிடக்கும் அந்த மனிதர் இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடு என்று கேட்பார். முன்னால் அந்தப் பெயரைக் காதில் வாங்காதவர்களுக்கு அது ஒரு கிழவரின் முனகல்.

வெட்டிச் சுருக்கிய பதிப்பைப் பார்ப்பது

'எம்பிரசஸ் இன் த பேலஸ்' சீனாவில் 2011-ல் 76 எபிசோடாக வந்தது. 2015-ல் அமெரிக்காவில் வெளியானது ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேர அளவில் 6 பகுதிகள். இப்போது யூடியூபில் ஒரு மணி நேரத்தில் முழுக்கதையும் சொல்கிறார்கள். ஒருத்தி அப்பாவிப் பெண்ணாக உள்ளே நுழைந்து கல்லாக வெளியே வருவதற்கு 76 எபிசோடு தேவைப்பட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரே தொடரைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மேல் தீர்ப்பு சொல்வது

2018-ல் அடுத்தடுத்து இரண்டு சீனத் தொடர்கள் வந்தன: 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்', 70 எபிசோடு, 'ரூயிஸ் ராயல் லவ் இன் த பேலஸ்', 87 எபிசோடு. இரண்டும் சியான்லோங் பேரரசரின் அந்தப்புரம்தான். முதலாவதில் வெய் குலத்துப் பெண் நாயகி, துணிச்சல்காரி. நாரா குலத்து அரசி சூழ்ச்சிக்காரி. இரண்டாவதில் அப்படியே தலைகீழ்: நாரா அரசிதான் ரூயி, நல்லவள், வெய் கொடியவள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் மற்றதைப் பார்த்தவர்களோடு மணிக்கணக்கில் சண்டை போடுவதை நான் நிறையவே பார்த்துவிட்டேன். இரண்டு தரப்புக்கும் தொடர்தான் சாட்சி.

பதிவில் இருப்பது கொஞ்சம்தான். 1765-ல் பேரரசர் தெற்கே பயணம் போனபோது நாரா அரசி தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். அந்த அரச குலத்தாரான மஞ்சு இனத்தவர் வழக்கத்தில் அது துக்கத்தின் அடையாளம், கணவர் உயிரோடு இருக்கும்போது செய்யவே கூடாதது. ஏன் வெட்டினார் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. இரண்டு தொடர்களும் அந்த இடைவெளியில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அடுத்த வருஷம் அவர் இறந்தார். வெய் பெற்ற மகன் பிறகு பேரரசரானார். அவரை வாரிசாக அறிவித்தபோது, ஏற்கெனவே இறந்துவிட்டிருந்த வெய்க்கு சியான்லோங் அரசிப் பட்டம் கொடுத்தார். வெய் இன்று சியான்லோங்கின் சமாதிக்குள் அவரோடு இருக்கிறார். நாரா அரசிக்குத் தனிச் சமாதி கிடையாது. இன்னொரு துணைவியின் கல்லறைக்குள் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.