ஒரே வேம்பாளம்பட்டை, மூன்று ஊதா

அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சியதுபோக மிச்சம் இருந்த வேம்பாளம்பட்டையில்தான் சோப்பு நிறத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது. எண்ணெயில் ரத்தச் சிவப்பாக இறங்கும் பட்டை, காஸ்டிக் சோடா கரைசல் பட்டதும் கண்முன்னே நீலமாகும். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம், நடுவில் ஊதா. ஆனால் சோப்புக்கு ஊற்றும் ஆலிவ் எண்ணெயின் மஞ்சள் அடியில் இருந்து நிறத்தைக் கெடுத்து, சாம்பல் தட்ட வைத்துவிடுகிறது.

அதற்குத்தான் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. சோப்பை வெள்ளையாக்க நான் அதைப் போடுவதில்லை. எண்ணெயின் மஞ்சளை மறைக்க மட்டும்தான். கயோலின் களிமண்ணால் இது ஆகாது, லேசாகத்தான் வெளுக்கும்.

என் அளவு இது: தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் 300, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 70, தண்ணீர் 140. ஆலிவ் எண்ணெயில் 100 கிராமைத் தனியே எடுத்து, 10 கிராம் பட்டையைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டுங்கள். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

வெள்ளைப் பொடியை வாங்கும்போது எண்ணெயில் கலப்பதா, தண்ணீரில் கலப்பதா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய் வகை என்றால், அளந்து வைத்த ஆலிவ் எண்ணெயிலிருந்தே ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு தேக்கரண்டி பொடியைக் குழைத்து, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். பொடி பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் பொடியை அப்படியே கலவையில் தூவினேன். மறுநாள் வெட்டினால் உள்ளே கல்லுப்பு மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அடுத்த முறை தண்ணீரைக் கூட்டி, போர்வை சுற்றி வைத்தேன். சூடு ஏறி, கண்ணாடி நரம்பு ஓடியதுபோலக் கோடுகள் விழுந்தன. சோப்புக்காரர்கள் இதைக் கிளிசரின் ஆறு என்பார்கள். சோப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் வெளிர் நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும். இப்போது தண்ணீரைக் கூட்டுவதும் இல்லை, போர்த்துவதும் இல்லை.

மீதி எண்ணெய்களோடு சிவப்பு எண்ணெயையும் சேர்த்து, ஆறிய கரைசலை ஊற்றி, மோர்க்குழம்பு பதம் வரும் வரை அடியுங்கள். அப்புறம் மூன்று கிண்ணத்தில் சமமாகப் பிரியுங்கள். முதல் கிண்ணத்தில் வெள்ளை வேண்டாம். இரண்டாவதில் குழைத்ததில் ஒரு தேக்கரண்டி, மூன்றாவதில் இரண்டு. அடர் ஊதா, கத்தரிப்பூ நிறம், வெளிர் ஊதா என்று மூன்றும் ஒரே பட்டையில் கிடைத்துவிடும். இன்னும் கூட்டினால் நிறத்தையே வெள்ளை விழுங்கிவிடும். இட்லி மாவு போலத் திரண்டதும், அடர்ந்தது அடியில் வரும்படி அச்சில் ஒன்றன் மேல் ஒன்றாக மெதுவாக ஊற்றுங்கள்.

மஞ்சிட்டியின் இளஞ்சிவப்புக்கும் இதே முறைதான், வெள்ளை பாதி போதும். மஞ்சள் தூள் சோப்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதில் வெள்ளை சேர்ப்பதை விட்டுவிட்டேன்.

வெட்டிய அன்றே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிழலில் நான்கிலிருந்து ஆறு வாரம் காயட்டும். காரம் தணியத் தணிய நீலம் ஊதாப் பக்கம் நகரும். எத்தனை கரண்டி வெள்ளை என்பதை ஒவ்வொரு கட்டியின் அடியிலும் ஊசியால் கீறி வைக்கிறேன்.