ஜெலட்டின் சைமோகிராபி: வெள்ளைப் பட்டையை எடுப்பதும் படிப்பதும்

மார்பகப் புற்றுநோய் செல் சுற்றியுள்ள திசுவை அரித்துக்கொண்டு வெளியேறப் புரதத்தை வெட்டும் என்சைம்களான புரோட்டியேஸ்கள் பலவற்றைப் பயன்படுத்துகிறது. அவற்றில் எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) குடும்பத்தைச் சேர்ந்த எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டையும் கண்ணால் பார்க்க ஜெலட்டின் சைமோகிராபி நல்ல வழி, செலவும் குறைவு: ஜெலட்டின் கலந்த ஜெல்லில் சாம்பிளை ஓட்டினால், என்சைம் ஜெலட்டினை அரித்த இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை நன்றாகக் கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 24 மணி நேரம் விடுங்கள். செல் வளர்க்கும் மாட்டுச் சீரத்திலேயே இந்த என்சைம்கள் உண்டு, கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மாட்டு எம்எம்பியைப் பார்த்துவிட்டுச் செல்லுடையது என்று நினைத்துவிடுவீர்கள். அப்புறம் மீடியத்தை எடுத்து, எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் வருமாறு ஏற்றுங்கள். ஒரு லேனில் இரண்டையும் சுரக்கும் எச்டி-1080 செல்களின் மீடியம் இருந்தால் இரண்டு என்சைமும் எங்கே விழும் என்று தெரிந்துவிடும்.

சாம்பிளைக் கொதிக்க வைக்கவே கூடாது, புரதத்தின் டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலும் வேண்டாம், இரண்டும் என்சைமை மீளாமல் கெடுத்துவிடும். வெஸ்டர்ன் பிளாட் செய்து பழகிய கை தானாக ஹீட் பிளாக் பக்கம் போகும். என் முதல் இரண்டு ஜெல்லும் அப்படித்தான் ஒரு பட்டைகூட இல்லாமல் முழு நீலமாக வந்தன.

ஜெல் 10 சதவீதம், அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஜெலட்டின். ஓட்டி முடித்ததும் 2.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100இல் அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை அலசினால் புரதத்தை விரித்துவைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு வெளியேறி என்சைம் மறுபடி மடியும். பிறகு கால்சியம் குளோரைடு கலந்த டிரிஸ் பஃபரில், 37 டிகிரியில், இரவு முழுக்க. ஒரு துண்டை மட்டும் வெட்டி எம்எம்பிக்கு வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த பஃபரில் போடுங்கள், அதில் பட்டை வராவிட்டால்தான் எம்எம்பி என்று நம்பலாம்.

கூமாஸி என்ற நீலச் சாயம் ஏற்றி மெதுவாக நிறத்தை நீக்கும்போது, 92 கிலோடால்டன் பக்கம் எம்எம்பி-9, 72 பக்கம் எம்எம்பி-2, முதலில் மங்கலாக, பிறகு நகத்தால் கீறியது போல் வெள்ளையாகத் தெளியும்.

சரி, இங்கேதான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அந்த இரண்டும் இன்னும் வேலைக்கு வராத முன்வடிவங்கள். எஸ்டிஎஸ் அவற்றின் மடிப்பைப் பிரித்துவிட்டதால் மட்டுமே ஜெல்லில் அரிக்கின்றன. என்சைமைப் பிடித்திருந்த டிம்ப் என்ற இயற்கைத் தடுப்பானும் ஓட்டத்தில் பிரிந்துபோகிறது, அதனால் கட்டியில் அடங்கிக் கிடந்ததும் இங்கே பளிச்சென்று தெரியும். டிம்ப்பைத் தனியாகப் பார்க்க ரிவர்ஸ் சைமோகிராபி செய்யுங்கள், அதில் தடுப்பான் இருக்கும் இடம் அரிக்கப்படாமல் நீலமாக நிற்கும். அதிலும் தடுப்பான் அதிகம் என்றால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்: டிம்ப்-2 இல்லாமல் செல் சவ்வில் இருக்கும் எம்டி1-எம்எம்பி என்ற என்சைம் எம்எம்பி-2ஐச் சரியாக முடுக்கிவிட முடியாது, மார்பகக் கட்டியில் யூரோகைனேஸ் என்ற வேறொரு புரோட்டியேஸைத் தடுக்கும் பிஏஐ-1 கூடுதலாக இருந்தால் நோய் திரும்பும் அபாயமும் கூடுதல். ஆகவே படத்துக்கு அடியில் ‘எம்எம்பி செயல்பாடு கூடியது’ என்று எழுதாமல், எந்த வடிவத்தின் பட்டை எவ்வளவு கூடியது என்றே எழுதுங்கள்.