கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் ஒரு ஆலோசனை அறை

இணையவழி உளவள ஆலோசனை செய்பவளுக்கு முதல் தேவை, பேச்சு வெளியே கேட்காத அறை. எங்கள் வீட்டில் குரல் போனது கதவின் கீழ் இடுக்கால்தான். புறக்கோட்டையில் ரப்பர் பட்டி வாங்கி ஒட்டினேன். அப்புறம் கதவுக்கு வெளியே ஒரு பழைய ஃபேன். அது இரைந்தால் ஹோலில் இருக்கும் அம்மாவுக்கு என் வார்த்தைகள் பிடிபடாது. (டிவி சத்தத்தைக் கூட்டுவா, அதுவும் நல்லதுக்குத்தான்.) எதிரில் பேசுபவரின் குரலுக்கு ஹெட்போன் கட்டாயம்.

சுவரில் ஃபோம் ஒட்டச் சொல்வார்கள். அது எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தத்தைத் தடுக்காது. எதிரொலிக்கு எனக்குத் துணி அலுமாரியைத் திறந்து வைத்ததே போதும், செலவில்லை.

கடலோர ரயிலுக்கு மட்டும் மருந்தில்லை. "ஒரு நிமிசம், ரயில் போகட்டும்" என்று சொல்லி மைக்கை நிறுத்திவிடுவேன்.