டெல்டாவில் பழைய சின்ன கார் வாங்குகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

நான் வாங்கிய முதல் கார் ஒன்பது வயதான ஒரு சின்ன ஹேட்ச்பேக். விலை 1,75,000 ரூபாய். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்றது. பெயின்ட் மின்னியது, சாவியைத் திருப்பியதும் என்ஜின் எடுத்தது. மறு யோசனை இல்லாமல் அட்வான்ஸ் கொடுத்தேன். ஐப்பசி மழையில் என் காலடியில் தண்ணீர் நின்றது. மிதியடியைத் தூக்கி விரலால் அழுத்தினால் தரைத் தகடு அப்பளம்போல் நொறுங்கியது. அந்த ஓராண்டில் 41,000 ரூபாய் செலவழித்தேன். அதில் என்ஜினுக்குப் போனது ஆயில் மாற்றிய காசு மட்டும்தான்.

நம் பக்கத்துக் கார்களை வெள்ளம், உப்புக் காற்று, எலி, சாலையில் காயும் உளுந்து ஆகியவைதான் அதிகம் கெடுக்கின்றன. அதனால் இந்த விளக்கத்தில் பாதி, காரின் வயிற்றைப் பற்றியது. இங்கே சொல்லும் தொகைகள் ஆல்டோ, வேகன் ஆர், ஐ10 அளவுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஊர் மெக்கானிக்கிடம் கூலியோடு ஆகும் உத்தேசச் செலவு. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

படி 1: காலையில் போங்கள்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். "வாட்டர் சர்வீஸ் செய்து வைக்கிறேன்" என்றால் அதுவும் வேண்டாம். சேற்றோடு தடயமும் போய்விடும். கையில் ஒரு டார்ச், படுத்துப் பார்க்க ஒரு சாக்கு, மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் இருந்தால் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டின் மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். பிளாஸ்டிக் பம்பரில் வைத்துப் பார்த்துவிட்டு விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன்.

படி 2: தண்ணீர் ஏறிய வண்டியா?

முன் இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. இருக்கை உறையைப் புதிதாக மாற்றுவார்கள்; பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. அடுத்து இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மிதியடி, அதன் கீழுள்ள கார்ப்பெட் இரண்டையும் தூக்கித் தரைத் தகட்டை விரலால் அழுத்துங்கள். பின்னால் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மண் கோடு இருந்தால் என்ஜின் தண்ணீர் குடித்திருக்கலாம். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள்.

கார் 2018 நவம்பருக்கு முன் பதிவானது என்றால், கஜா புயலன்று அது எங்கே நின்றது என்று நேராகவே கேளுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கரையோரம் ஓடிய வண்டி என்றால் சைலன்சர், பிரேக் குழாய், கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்று முதலில் கை வைப்பது அங்கேதான்.

தரைத் தகட்டை வெட்டி வெல்டிங் வைக்க டிங்கர் 6,000 முதல் 12,000 வரை கேட்பார். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி நனைந்திருந்தால் 12,000-க்கு மேல் போகும். அதை மாற்றிய பிறகும் வேறேதாவது தொல்லை வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

படி 3: சாக்கை விரித்துப் படுங்கள்

பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வைத்துவிடுகிறோம். போகிற வண்டிகள் இலவசமாகப் போரடித்துக் கொடுக்கின்றன. வைக்கோலும் இப்படித்தான் சாலைக்கு வருகிறது. விவசாயிக்கு வேறு களம் இல்லை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தச் செடி ஆக்ஸிலில் கயிறாகச் சுற்றிக்கொண்டு, அது சக்கரத்தோடு சேரும் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். சூடான சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கவும் கூடும்.

சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால் இணைப்பு தேய்ந்துவிட்டது. உறை மட்டும் என்றால் 800 முதல் 1,500. இணைப்பே போயிருந்தால் ஒரு பக்கத்துக்கு 2,500 முதல் 4,000.

படி 4: பானெட்டுக்குள் எலி

வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டைத் தேடும். சூடான என்ஜின் அறை அதற்கு மாளிகை. பேட்டரிக்கு அடியிலும், என்ஜின் அறையை உட்புறத்திலிருந்து பிரிக்கும் தகடான ஃபயர்வால் ஓரத்திலும் நெல் உமி, புழுக்கை, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஒயரை ஒட்டுப்போட 1,500 முதல் 3,000. முழு ஒயரிங்கையும் மாற்றினால் 15,000 தாண்டும். எல்லா விளக்கையும், வைப்பரையும், கண்ணாடி இறக்கும் சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

படி 5: என்ஜினும் ஓட்டமும்

ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படியானால் என்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றும் வேலை, 8,000 முதல் 15,000. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஏறும் வழியில் என்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, 5,000 முதல் 9,000. பழைய 800 சிசி ஆல்டோவிலும் 1.1 லிட்டர் ஐ10-லும் என்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது; அதைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் 3,000 முதல் 5,000 சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. கம்ப்ரஸர் போயிருந்தால் 12,000-க்குக் குறையாது.

தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. ஒரு வாய்க்கால் கரைச் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டை நிறுத்தி ஓட்டுங்கள். முன்பக்கம் 'கடகட' என்றால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம் ஆகியவற்றின் வேலை. 5,000 முதல் 12,000. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது.

படி 6: பேரமும் காகிதமும்

குறைகளையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, அதை விற்பவரிடமே கொடுங்கள். "வீட்டு வண்டி தம்பி, கோயிலுக்கு மட்டும்தான் போனது" என்பார். தலையாட்டிவிட்டுத் தாளைக் காட்டுங்கள். அடுத்த முறை நான் 22,000 குறைத்தது இப்படித்தான்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். காரைக்கால் வண்டி என்றால், அதாவது எண் பிஒய் 02 என்று தொடங்கினால், அது வேறு மாநிலக் கணக்கு: அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, புது எண் பெற வேண்டும். மலிவாகக் கிடைத்ததாக நினைத்த காசு அங்கே கரையலாம்; வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்த பிறகே விலை பேசுங்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.