ஒழுகும் அலுமினியப் படகு: ரிவெட்டை இறுக்குவதும் மாற்றுவதும்

படகை வெளியே தண்ணீரில் போட்டு ஓட்டை தேடாதீர்கள். வீட்டு வாசலில் இரண்டு மூன்று கட்டைகள் மேல் ஏற்றி, உள்ளே 10 செ.மீ. தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்; ஒரு லிட்டர் ஒரு கிலோ, அடித்தகடு வளைந்துவிடும். அடியில் கசியும் ஒவ்வொரு ரிவெட்டையும் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணி) மார்க்கரால் வட்டமிடுங்கள்.

ஆடும் ரிவெட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளித்தலையில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்முனையை உருண்டைத்தலைச் சுத்தியால் மெதுவாக நாலைந்து தட்டு தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். ஓங்கி அடித்தால் துளை அகலும், பக்கத்து ரிவெட்டும் தளரும்.

தலை தேய்ந்ததைத் துளையிட்டு எடுங்கள். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட் (ரிவெட் துப்பாக்கியால் இழுத்துப் பொருத்தும் குழல் ஆணி) நடுத்துளை வழியாகவே ஒழுகும். முனை மூடிய அலுமினிய ரிவெட்டையே கேளுங்கள். கடல் உபயோகத்துக்கான பாலியூரித்தேன் பசையில் தோய்த்து அடியுங்கள். சிலிகான் கூடவே கூடாது: உரிந்த பிறகும் அதன் படலத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது.

செம்பு ஆணி, செம்பு கலந்த பெயிண்ட் இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் பேராக் ஆற்றில் கடல் ஏற்றம் வருவதால் இன்னும் வேகமாகவே அரிக்கும். பசை காய ஒரு வாரம் விட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.